முதற்பலனாகப் போன கள்ளிப் பூ

வருஷந்தோறும் சாரல் தொடங்கியதும் செய்தித்தாளில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. இன்ன ஊரில் இன்னார் வீட்டில் இரவில் மட்டுமே பூக்கும் அதிசயப் பூ பூத்தது, பொதுமக்கள் திரண்டு வந்து பார்த்துச் சென்றார்கள் என்று. கூடவே ஒரு படம் இருக்கும். ஒரு தொட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். பூ எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் வந்த செய்தி இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அந்தச் செடி நம் மாவட்டத்திலேயே முதன்முறையாக இப்போதுதான் பூத்திருக்கிறதாம். அதற்குப் பிரம்ம கமலம் என்று பெயராம். இமயமலையிலிருந்து வந்ததாம்.

பிரம்ம கமலம் என்பது வேறு. அது பனிமலையில் முளைக்கிற செடி. இது கள்ளி. மெக்சிகோ பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றிக்கொண்டு வளர்கிற கள்ளி. முள் இல்லாததால் கள்ளி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டிலும் நம்பவில்லை. நம்பியிருந்தால் நான் எழுத இருக்கிற தொல்லைகளில் பாதி நடந்திருக்காது.

பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவர்களில் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்தது 1910 ஐப்பசி. முதலில் பூத்தது 1911 ஆடி. என் தம்பி அது வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். வால் நட்சத்திரத்தை நாங்கள் பார்த்தது அதற்கு முந்திய கோடையில். அப்போது அத்தை கண்டியில் இருந்தாள். மாமா உயிரோடு இருந்தார். மேலும், மொட்டு தெரிந்த வாரத்தில்தான் சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழா என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மிட்டாயின் சாயம் என் வெள்ளைப் பாவாடையில் ஒட்டி, கடைசிவரை போகவில்லை. தம்பிக்கு அப்போது மூன்று வயது. அவன் நினைவை வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாமா கம்பவுண்டராக இருந்தார். காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் காய்ச்சலிலேயே போனார். குழந்தைகள் இல்லை. அத்தை கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தாள். அப்பா ஸ்டேஷனுக்குப் போய் ஆற்றுப் பாலம் வழியாக வில்வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேலை, ஒரு தகரப் பெட்டி. மடியில் ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னுக்குள் மண். மண்ணிலிருந்து சாக்குத் துணியால் சுற்றிக் கயிறு போட்ட ஏதோ ஒன்று, என் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

சாக்கை அவிழ்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"இந்தச் சவத்தையா கப்பலேத்திக் கொண்டாந்த?"

உண்மையில் அது பார்க்க அப்படித்தான் இருந்தது. தட்டையாக, நீளமாக, ஓரம் வளைந்து வளைந்து, யாரோ மிதித்துப் போட்ட வாழை நாரைப் போலத் தொங்கியது. இலை எது, தண்டு எது என்று தெரியாது. இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. மண்ணெண்ணெய் வாடை போகாத டின், ஈர மண், கப்பல் கயிற்றின் தார் என்று மூன்று நாற்றமும் கலந்து கூடத்தில் பரவியது.

"பூக்கும் மைனி" என்றாள் அத்தை.

"எப்பம்?"

"அதுக்கு எப்பம் தோணுதோ அப்பம்."

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். கோயில் கமிட்டியில் இருந்தார். (வெளியூர்க்காரர்கள் தேவாலயம் என்பார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது கோயில்தான்.) எதையும் காரணத்தோடு செய்கிறவர். தங்கை விஷயத்திலும் காரணத்தோடுதான் முடிவு செய்திருந்தார். அவள் கல்யாணத்துக்கு முன்னே ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். திசையன்விளைக்குத் தெற்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். தங்கிப் படிக்கிற பிள்ளைகள், பெரும்பாலும் பனையேறிகளின் மக்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். அத்தை அங்கே போக வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு.

இதில் அப்பாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் காலத்தில் விதவைத் தங்கை வீட்டோடு வந்தால் அடுப்படியில் உட்கார வைத்துவிடுவதுதான் வழக்கம். சொந்தக் காலில் நிற்கட்டும் என்று நினைத்த அண்ணன்கள் குறைவு. ஆனால் நினைத்ததை அவளிடம் கேட்காமல் நினைத்தார்.

"தை மாசம் போயிருதியா?" என்று ஒருநாள் சாப்பாட்டின்போது கேட்டார்.

"போறேன் அண்ணே. செடி ஒரு தரம் பூத்துரட்டும், பாத்துட்டுப் போயிருதேன்."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். போக மனமில்லாதவள் சொல்கிற சாக்கு என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். அம்மாவும் அப்படித்தான் தீர்மானித்தாள். அவர்கள் இரண்டு பேரும் கவனிக்காத ஒன்றை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் தகரப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கவே இல்லை. அலமாரியில் அவளுக்கென்று ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அது காலியாகவே கிடந்தது. அன்றன்றைக்கு வேண்டிய சேலையைப் பெட்டியிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்துப் பெட்டியிலேயே வைப்பாள். தங்க வந்தவள் அப்படிச் செய்ய மாட்டாள். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அலமாரித் தட்டில் என் மரப்பாச்சியைப் படுக்கவைக்க இடம் கிடைத்ததே என்றுதான் இருந்தது.

ஏன் அந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னாள். தலை பின்னிவிடும்போது சொன்னாள். ஈருளியால் இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வர நான் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க மாமாதான் யார்ட்டயோ ஒரு துண்டு வாங்கி நட்டாக. நாலு வருஷம் சும்மா கெடந்துச்சு. பூத்த அன்னைக்கு எனக்கு உடம்புக்கு ஆகல, படுத்துட்டேன். தூங்கட்டும்னு எழுப்பாம விட்டுட்டாக. காலையில ஒரு தட்டுல வச்சுக் கொண்டாந்து காட்டுதாக, நனைஞ்ச துணி மாரி கெடக்கு. எனக்கு வந்த ஆத்திரம்! ரெண்டு நாளு பேசல. அடுத்த தரம் கண்டிப்பா எழுப்புதேன்னாக."

"எழுப்பினாங்களா?"

"அடுத்த தரத்துக்கு அவுக இல்லட்டி."

இதை நான் அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஆமா, உங்க அத்தைக்கு வேற சோலி இல்ல" என்றாள். அப்பாவிடமும் சொல்லியிருப்பாள் போலும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அந்தச் செடியைச் சீக்கிரம் பூக்க வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவுக்கு வந்தார். அன்று தொடங்கியது செடிக்குக் கஷ்டகாலம்.

முதலில் தண்ணீர். காலையும் மாலையும் கிணற்றிலிருந்து ஒரு செம்பு. பிறகு அரிசி கழுவிய தண்ணீர். மீன் கழுவிய தண்ணீர் இன்னும் விசேஷம் என்று யாரோ சொல்ல, வியாழக்கிழமைகளில் அதுவும். டின்னைச் சுற்றி எறும்பும் பூனையும் காவல் இருந்தன. அடியில் இருந்த தண்டு மெழுகு போல இளகியது. அப்பா ஏதோ ஆங்கிலத் தோட்டப் புத்தகத்தைப் புரட்டி, வெயில் போதவில்லை என்றார். டின் முற்றத்தின் நடுவுக்கு வந்தது. கொஞ்ச நாளில் அது எலுமிச்சம் ஊறுகாய் நிறத்துக்குப் போயிற்று. உடனே சாணி உரம். அதன் பிறகு ஆற்று மணல்தான் நல்லது என்று தாமிரபரணியிலிருந்து ஒரு கடகப்பெட்டி மணல் சுமந்து வந்து, செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரையெல்லாம் அலசி மறுபடி நட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் அத்தை ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "அண்ணே, அத சும்மா விட்டாப் போதும்."

"சும்மா விட்டா எது வளந்துருக்கு? பிள்ளைகள சும்மா விட்டாப் படிக்குமா?"

"அது பிள்ளை இல்லண்ணே. அவுக ஒரு மரத்துல தொங்க விட்டுட்டு மறந்துட்டாக. அதான் பூத்துச்சு."

"மறந்தாப் பூக்குமாம்!" என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பில் தப்பு விடை சொன்ன பெண்ணைப் பார்த்து மற்றப் பெண்கள் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற சிரிப்பு.

பக்கத்து வீட்டில் ஒரு சைவப் பிள்ளைவாள் இருந்தார். தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் முற்றத்துக்கும் அவர்கள் முற்றத்துக்கும் நடுவே மார்பளவுச் சுவர்தான். காலையில் பல் துலக்கும்போது வேப்பங்குச்சியோடு சுவரோரம் வந்து நிற்பார்.

"சார்வாள், கள்ளிய வீட்டுல வளத்தா குடும்பத்துக்கு ஆகாது வே."

"இது கள்ளி இல்ல, அண்ணாச்சி. முள் எங்கே இருக்கு?"

"முள்ளு இல்லாட்டா கள்ளி இல்லையோ? மீச இல்லாட்டா ஆம்பள இல்லையோ?"

அப்பாவுக்கு மீசை கிடையாது. அன்றைக்கு அதோடு பேச்சு நின்றது. எங்களைச் சுற்றி இருந்தவர்களில் அதைக் கள்ளி என்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சொன்ன காரணம் தப்பு. கள்ளி என்று ஒப்புக்கொண்டிருந்தால் யாராவது மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவார்களா?

தை மாதம் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. இதை நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. வாழை குலை தள்ளினால் முதல் தார், கோழி முட்டையிட்டால் முதல் முட்டை, மகன் வேலைக்குப் போனால் முதல் சம்பளம், எல்லாம் முதற்பலன் என்று கோயிலுக்குப் போகும். இன்னும் வராத பலனையும் அன்றைக்கு எழுந்து நின்று நேர்ந்துகொள்ளலாம். அந்த வருஷம் ஒருவர் சினையாக இருந்த எருமையின் கன்றை நேர்ந்துகொண்டார். அடுத்தபடி அப்பா எழுந்தார். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற செடியின் முதல் பூவைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். போதகர் ஐயா தலையசைத்தார். பெண்கள் பக்கத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி இறுகியது. எனக்கு வலித்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டாள். "அண்ணே, அது ராத்திரி பூத்து விடியதுக்குள்ள வாடிரும். கோயிலுக்கு எப்படிக் கொண்டுபோவீக?"

"நேர்ந்துகிட்டாச்சு. இனி அதக் கர்த்தர் பாத்துக்கிடுவார்."

மாசியும் பங்குனியும் போயின. செடி ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் அம்மா அதில் இடறி, கையிலிருந்த மாவுப் பானையைப் போட்டு உடைத்தாள். "சவத்தத் தூக்கி அங்கன எறி" என்று டின்னை அவளே இழுத்துக்கொண்டு போய், கொல்லையில் மாமரத்தடியில், துவைகல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அப்பாவுக்குப் பரீட்சை வேலை வந்துவிட்டது. கோடை விடுமுறையில் நாங்கள் அம்மாவின் ஊருக்குப் போனோம். அத்தையும் எங்களோடு வந்தாள். கிணற்றில் தண்ணீர் இறங்கி, இருந்த தண்ணீர் பூசணிக்கொடிக்கே பற்றவில்லை. இப்படியாக அந்தச் செடியை எல்லோரும் முதல் தடவையாகச் சும்மா விட்டார்கள்.

ஆனியில் மேற்கே மலைப்பக்கம் மழை விழுந்து, பாபநாசத்திலிருந்து காற்று ஈரத்தைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் தெளிக்கத் தொடங்கியது. மிட்டாய் கொடுத்த வாரம் என்று சொன்னேனே, அந்த வாரத்தில் ஒருநாள் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டைத் தண்டின் ஓரத்தில், வளைவின் பள்ளத்தில், ஒரு புளியங்கொட்டை அளவு சிவப்பு முளை. அத்தை சோப்பு நுரைக் கையோடு அதைத் தொடப் போய், தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மொட்டு வளர்ந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் திகைப்புத்தான். முதலில் கீழே தொங்கியது. காம்பு குழாய் போல நீண்டு, துரைமார் புகை பிடிக்கிற வளைந்த குழாயைப் போல நுனியில் மேலே திரும்பியது. வெளிப்புறம் செம்பழுப்பு. நுனி பிதுங்கி வெள்ளை தெரிய ஆரம்பித்தது. அத்தை தினமும் பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாளு, இன்னும் ரெண்டு நாளு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளைவாள் வீட்டு அம்மாளைக்கூட ராத்திரி வந்து பார்க்கும்படி சொல்லி வைத்தாள். பிள்ளைவாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுக்கு அனந்தசயனம்னு பேரு, உள்ள பெருமாள் படுத்திருப்பாருன்னு திருவனந்தபுரத்துல சொல்லுதான். நம்ம கண்ணுக்கு லிங்கம் தெரிஞ்சாலும் தெரியும்" என்றார். குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

பூக்கிற நாள் சனிக்கிழமையாக அமைந்தது. அப்பா அதைக் கர்த்தரின் சித்தம் என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலம் காபி குடித்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு கொல்லைக்கு வந்தார்.

அத்தை துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்ததும் எழுந்து நடுவில் நின்றாள்.

"அண்ணே, இன்னைக்கு ராத்திரி பூத்துரும். நான் ஒருக்கப் பாத்துக்கிடுதேன். பொறவு வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க."

"பொறவு வாடிரும்னு நீதானே சொன்ன? இப்பம் வெட்டித் தண்ணியில வச்சா கோயில் குளிர்ச்சிக்கு அது காலை வர தாங்கும்."

"தாங்காதுண்ணே. கோயில்ல யாரும் இல்லாத நேரத்துல விரிஞ்சு வாடிரும். ஒருத்தருக்கும் ஆகாது. ஒரு ராத்திரிண்ணே. பாத்துட்டுக் குடுத்தா என்ன?"

அப்பா அமைதியாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். "முதல்ல நாம அனுபவிச்சுட்டு மிச்சத்தக் கொண்டுபோய்க் குடுத்தா அதுக்குப் பேரு முதற்பலனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எழுபது வயது தாண்டி, எத்தனையோ வேத வியாக்கியானங்களைப் படித்த பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை. சரியாகத்தான் சொன்னார். அவ்வளவு சரியாக ஒருவர் இருந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எங்கே போவது? அத்தை விலகி நின்றாள். அப்பா தண்டோடு சேர்த்து வெட்டினார். அந்தச் சத்தம் வெள்ளரிக்காய் நறுக்குகிற சத்தம் போல இருந்தது.

பித்தளைச் சாடியைத் தூக்கிக்கொண்டு நான்தான் அப்பாவோடு போனேன். கோயிலுக்குள் பெஞ்சு மெழுகின் வாடையும் வௌவால் வாடையும். மறுநாளைக்காகப் பாய்களை விரித்து வைத்திருந்தார்கள். அப்பா சாடியைப் பீடத்தின் பக்கத்தில் வைத்து, தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினார். மொட்டின் நுனி அப்போதே லேசாகப் பிரிந்திருந்தது. கிட்டத்தில் நின்ற எனக்கு வாசனை வந்தது. "அப்பா, பூக்குது" என்றேன். "பூக்கட்டும், பூக்கட்டும்" என்று என் தோளைத் தட்டி வெளியே நடத்தினார். மணியடிக்கிறவர் கதவைப் பூட்டினார்.

காலையில் ஆராதனைக்குப் போனால், உள்ளே நுழையும்போதே எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். முடியில் தேய்க்கிற வாசனைத் தைலத்தை யாரோ தரையில் கொட்டிவிட்டது போல ஒரு மணம், கனமாக, கூரைவரைக்கும். சாடியில் பார்த்தால், கழுத்து முறிந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒன்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பூ எங்கன வே?" என்று கேட்டது கோயில் முழுவதும் கேட்டது. போதகர் ஐயா மிகவும் நல்லவர். காணிக்கைகளுக்காக ஜெபம் பண்ணும்போது அந்தச் சாடியைப் பார்த்தார், கொஞ்சம் நிறுத்தினார், பிறகு, மனுஷர் கண்ணுக்குத் தெரியாத காணிக்கைகளுக்காகவும் ஸ்தோத்திரம் என்றார். அப்பாவின் காது சிவந்துபோனது. அத்தை எழுந்து பாட வேண்டிய இடங்களில் எழுந்தாள். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இலை போட்டாயிற்று. அப்பா உட்கார்ந்ததும், பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமலோ என்னவோ, "சரி. செடி பூத்துட்டு. திங்கட்கிழமை வண்டிக்குச் சொல்லிரட்டுமா?" என்றார்.

"பூத்துச்சு, சரி. யாரு பாத்தா?" என்றாள் அத்தை.

"கர்த்தர் பாத்துருப்பார்."

"அப்பம் அவரையே திசையன்விளைக்கு அனுப்புங்க. நான் இன்னும் பாக்கல."

அம்மா கையிலிருந்த அகப்பை குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் பேசியதில்லை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அப்பா இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அது தங்கை பேசியதற்குத் தண்டனையா, தனக்குத்தானே தண்டனையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா மட்டும் ராத்திரி பாத்திரம் ஒதுக்கும்போது யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "ஒரு ராத்திரி பொறுத்தா வானமா இடிஞ்சு விழுந்துரும்?"

அதற்குப் பிறகு நாலு வாரம் வீட்டில் இருந்த இருப்பை உங்களுக்குச் சொல்லி முடியாது. அப்பா அத்தையோடு பேசவில்லை. பேச வேண்டியதை என் வழியாகச் சொல்லியனுப்புவார். ஒரே கூடத்தில் நாலடி தூரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். "உங்க அத்தைகிட்ட உப்பைக் கேளு" என்பார். நான் கேட்பேன். அவள் தருவாள். நான் வாங்கிக் கொடுப்பேன். பெரியவர்களுக்குப் புத்தி இருக்கிறது என்ற எண்ணம் எனக்குப் போனது அந்த நாலு வாரத்தில்தான். திரும்ப வரவில்லை.

ஆவணியில் வேறொரு தண்டில் ஒரு மொட்டு வந்தது. அத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கைகால் கழுவக்கூட முன்வாசலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மொட்டு நுனி பிரிந்த அன்று அந்தி மயங்கியதும், அத்தை அரிக்கன் லாந்தரைப் பொருத்தித் துவைகல்மேல் வைத்துவிட்டு, ஒரு பனையோலைப் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். அம்மா அடுப்படி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைவாளின் தலையும் அவர் வீட்டு அம்மாளின் தலையும் தெரிந்தன.

கடைசியாக அப்பா வந்தார். வரமாட்டார் என்று நினைத்தோம். மாமரத்தில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அதற்குமேல் முடியவில்லை. லாந்தர் கிட்டத்தில் இருந்தால் சூடு தாக்கும் என்றார். பிறகு, இந்த வகைப் பூக்களுக்கு ராத்திரியில் பூச்சிகள் வருவதற்காகத்தான் வெள்ளை நிறம் என்றார். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லத் தொடங்கினார். இதழ் இத்தனை அடுக்கு, மகரந்தம் இப்படி. பிள்ளைவாள் இடையில் புகுந்து, அது நாகம் படம் எடுக்கிற மாதிரி என்றார். அப்பா அதை மறுத்தார். பிள்ளைவாள் அதற்கு ஒன்று சொன்னார். அதற்குள் வெளிப்பக்கத்து இதழ் ஒன்று விடுபட்டு, உடம்பில் குளிர் ஏறினாற்போல ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது.

"அண்ணே" என்றாள் அத்தை, திரும்பாமலே. "கொஞ்சம் வாய மூடுங்க."

அப்பா வாயை மூடினார். பிள்ளைவாளும் மூடினார்.

அப்புறம் அந்தப் பூ விரிந்ததை என்னால் எழுத முடியும் என்று தோன்றவில்லை. அசைவது கண்ணுக்குத் தெரியாது. வேறு எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் முன்னைவிடப் பெரிதாக இருக்கும். வெளி இதழ்கள் பின்னுக்கு வளைந்தன, உள்ளே வெள்ளை மேல் வெள்ளையாக. நடுவில் மெல்லிய தலைகளோடு ஒரு கூட்டம் இழைகள், அதற்கு மேலே ஒரு சின்ன நட்சத்திரம். வாசனை விட்டு விட்டு வந்தது, ஆள் மூச்சு விடுவதுபோல. அத்தை மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அது கோபம் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நான் தூங்கிவிழும்போதெல்லாம் முழங்கையால் இடித்து இடித்து எழுப்பிக்கொண்டே இருந்தாள். முழுக்க விரிந்தது என்று தெரிந்ததும் குனிந்து மோந்து பார்த்தாள். கன்னத்தில் மகரந்தம் ஒட்டியது. துடைக்கவில்லை.

காலையில் நான் எழுந்து வரும்போது அவள் குளித்துவிட்டிருந்தாள்.

"அண்ணே, வண்டிக்குச் சொல்லிருங்க."

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. "என்னத்துக்கு அவசரம்? கீழ ஒரு மொட்டு இருக்கு. அதையும் பாத்துட்டுப் போயேன்."

"போதும்ணே."

"ஆவணி கழியட்டும். இந்தக் காத்துல தேரி மண்ணு கண்ணுல அடிக்கும். அங்கன தண்ணி உப்பு. உனக்கு ஒத்துக்கிடாது. காய்கறி ஒண்ணும் கிடைக்காது, வெறும் கருவாடுதான்." பத்து மாதமாக அந்த ஊரின் காற்றையும் தண்ணீரையும் புகழ்ந்து அவளை அனுப்பப் பாடுபட்டவர், அன்றைக்கு அதன் குறைகளை ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். அத்தனையும் அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பிள்ளையெல்லாம் காத்துக்கிட்டு இருக்கும்லா" என்றாள் அத்தை.

"அந்தச் செடி?" என்று அம்மா கேட்டாள்.

"அது எனக்கு எதுக்கு மைனி? இங்கனயே கெடக்கட்டும்."

வண்டி வந்தது. தகரப் பெட்டியை ஏற்றினார்கள். அம்மா ஒரு ஓலைப்பெட்டியில் முறுக்கும் வேறு ஏதோவும் கட்டிக் கொடுத்தாள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்காரர் மாட்டைத் தட்டியதும் அப்பா வாசலோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தார். வெந்நீர்தான் குடிக்க வேண்டும், செருப்பில்லாமல் மணலில் நடக்கக் கூடாது, ராத்திரி கதவுக்கு உள்தாழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றுக்கும், சரிண்ணே, சரிண்ணே என்று சொன்னது கேட்டது. வண்டி திரும்பியது. அவரும் திரும்பினார், வண்டியோடு.

பள்ளிக்கூட மணி அடித்தது. எனக்குத் தெரிந்து அப்பா பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனது அந்த ஒரு நாள்தான்.